வழி மாறிய வயது

திருப்பூரில், துணியை வெட்டியும் தைத்தும் அச்சடித்தும் பெட்டியில் அடுக்கியும் பிழைக்கிற குடும்பங்கள் மாடிக்கு மாடி நிறைந்திருந்த பவளமல்லி அப்பார்ட்மெண்டில், மூன்றாம் மாடியில் ஒரு பையனும் முதல் மாடியில் ஒரு பெண்ணும் ஒரே சித்திரை மாதத்தில் ஒரே நாளில் பிறந்து, ஐந்து வயது வரைக்கும் ஒரே வேகத்தில் வளர்ந்துவந்தார்கள். பையன் பெயர் நவிலன். அவன் அப்பா லோகநாதன் ஒரு பனியன் கம்பெனியில், துணியை வெளிச்சத்தில் விரித்து ஓட்டை இருக்கிறதா கறை இருக்கிறதா என்று பார்க்கிற வேலையில் இருந்தார். அம்மா பூங்கொடி வீட்டிலிருந்தபடியே சட்டைகளுக்குப் பொத்தான் தைத்துக்கொடுத்தாள். பெண்ணின் பெயர் தன்ஷிகா. அவள் அப்பா ஈஸ்வரமூர்த்தி, பனியன்களின் நெஞ்சில் படம் அச்சடிக்கிற பட்டறையின் முதலாளி. அம்மா சுகந்தி முதலாளியின் மனைவி, அதுவே அவளுக்கு விடுமுறை இல்லாத வேலையாக இருந்தது.

ஐந்து வயது வரைக்கும் இரண்டு பிறந்தநாட்களும் புதுச்சட்டையோடும் கடலைமிட்டாயைவிடக் கொஞ்சம் விலை கூடிய மிட்டாயோடும் முடிந்துவிடும். ஆறு வயது வரவேண்டிய அந்த வருடம் ஈஸ்வரமூர்த்திக்கு வெளிநாட்டிலிருந்து பெரிய ஆர்டர் ஒன்று கிடைத்திருந்ததால், கிடைத்தது நாலு பேருக்குத் தெரிய வேண்டியிருந்ததால், கீழ்த்தளத்து ஹாலில் மேடை போட்டு, பலூன்களால் ஒரு யானையையே வளைத்துக் கட்டி, மேடையின் பின்னால் மகளின் பெயரை விளக்கெழுத்தில் மின்னவிட்டு, வருகிற ஒவ்வொரு பிள்ளைக்கும் ரிட்டர்ன் கிஃப்டாகச் சக்கரம் வைத்த பள்ளிக்கூடப் பை கொடுப்பதாக ஏற்பாடு செய்தார். அந்த அப்பார்ட்மெண்டில் யாரும் எந்தச் செலவையும் ரூபாயில் சொல்வதில்லை, அந்தக் காசுக்கு எத்தனை தையல் மெஷின் வாங்கலாம் என்றுதான் சொல்வார்கள். இது ஒன்பது மெஷின் பிறந்தநாள் என்று லிஃப்டில் பேசிக்கொண்டார்கள்.

மூன்றாம் மாடியில் பூங்கொடி ஒரு கிலோ கேக் வாங்கி, முந்திரி போட்டுக் கேசரி கிண்டி, கதவைத் திறந்துவைத்துக் காத்திருந்தாள். வந்தவர்கள் செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்று தலையைக் காட்டினார்கள். "கீழ போய்ட்டு அப்பறமா நிதானமா வர்றோம் பூங்கொடி" என்றார்கள். அவர்களுடைய பிள்ளைகள், சக்கரம் வைத்த பை எந்த மாடியில் இருக்கிறதோ அந்த மாடிக்கு அவர்களைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்கள். பூங்கொடிக்குக் கோபம் வரவில்லை. கேசரி ஆறி நெய் உறைகிற வரைக்கும் பார்த்துவிட்டு, அந்த ஊர்க்காரர்கள் யாராக இருந்தாலும் செய்திருக்கக்கூடிய ஒன்றைச் செய்தாள்: கேக் பெட்டியை ஒரு கையிலும் மகனை ஒரு கையிலும் பிடித்துக்கொண்டு கீழே இறங்கினாள். தம்பி மகளின் காதுகுத்தை அண்ணன் வீட்டுப் புதுமனை விருந்தோடு சேர்த்துக்கொள்வதும், பேரன் மொட்டையை மாமன் வீட்டுக் கிடாவெட்டோடு சேர்த்துக்கொள்வதும் அங்கே வழக்கம். ஒரே பந்தலில் இரண்டு விசேஷம் முடிந்தால் சாமியும் சொந்தமும் தப்பாக எடுத்துக்கொண்டதில்லை.

சுகந்தியும் அப்படித்தான் நினைத்தாள். "அதுக்கென்ன பூங்கொடி, ரெண்டும் ஒரே நாளுதான. இங்கியே சேத்து வெட்டிரலாம். வா சாமி, மேல ஏறு" என்று நவிலனை அவளே மேடைக்குத் தூக்கிவிட்டாள். விழாவை நடத்த வந்த மெர்வின் என்ற ஈவென்ட் மேனேஜர், போட்டோவில் இடைஞ்சல் என்று ஒரு கிலோ கேக்கை மேஜைக்கு அடியில் தள்ளி, பையனைப் பலூன் யானையின் காலோரம் நிறுத்தினான். மெழுகுவத்தி ஏற்றினார்கள். பாட்டுப் பாடினார்கள். பாட்டில் ஒரு பெயர்தான் இருந்தது.

"என் பேரைப் பாடவே இல்லம்மா" என்றான் நவிலன் திரும்பிப் போகும்போது, லிஃப்டில்.

"அடுத்த வருசம் பாடுவாங்க சாமி" என்றாள் பூங்கொடி.

மறுநாள் காலையில் தன்ஷிகாவுக்கு ஏழு வயதாகியிருந்தது.

முந்தின நாள் கணுக்கால் வரைக்கும் வந்த கவுன் முழங்காலுக்கு ஏறியிருந்தது. முன்பற்கள் இரண்டும் விழுந்து, அந்த இடத்தில் புதுப்பற்கள் பாதி முளைத்திருந்தன. சொல்லிக்கொடுக்காமலே கடன் வாங்கிக் கழிக்கிற கணக்கைப் போட்டாள். மூன்றாம் மாடியில் நவிலன் ஐந்து வயதாகவே எழுந்து, ஐந்து வயதுக்காரர்கள் குடிக்கிற டம்ளரில் பாலைக் குடித்துவிட்டு, ஐந்து வயதுக்காரர்கள் கேட்கிற கேள்விகளைக் கேட்டான். வளர்வதற்கு இடம்விட்டு எடுத்த புதுச்சட்டை அந்த வருடம் முழுக்க அவனுக்குத் தொளதொளவென்றே இருந்தது. ஒரே வாசலுக்கு வந்த இரண்டு வயதும் ஒரே பிள்ளைக்குள் இறங்கிவிட்டன என்பதைப் புரிந்துகொள்ள அப்பார்ட்மெண்ட்காரர்களுக்கு அதிக நேரம் ஆகவில்லை. அளவு தப்பிய உருப்படிகளைத் தினமும் பார்க்கிறவர்கள் அவர்கள்.

குழந்தை மருத்துவர் இரண்டு பேரையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி அளந்து, எடை பார்த்து, கட்டம் போட்ட தாளில் புள்ளி வைத்து, "ரெண்டு பேரையும் சேத்துப் பாத்தா சராசரி சரியாத்தான் இருக்குது. கவலைப்பட ஒண்ணுமில்ல" என்று சத்து டானிக் எழுதிக்கொடுத்தார். பள்ளிக்கூடத்தில் தன்ஷிகாவை நேராக இரண்டாம் வகுப்பில் சேர்த்துக்கொண்டார்கள். ஒரு வருடத்துக் கட்டணம் மிச்சம் என்று ஈஸ்வரமூர்த்தி மகிழ்ந்துகொண்டிருந்தபோது, அவள் படிக்காமல் விட்ட ஒன்றாம் வகுப்புக்கும் சேர்த்துப் பணம் வாங்கிக்கொண்டு ரசீது கொடுத்தார்கள். நவிலனை மறுபடியும் யுகேஜியிலேயே உட்காரவைத்தார்கள், அந்தக் கட்டணத்திலும் ஒரு பைசா குறைக்கவில்லை.

பூங்கொடி முதல் மாடிக்குப் போய், வாசலில் நின்றபடி, எப்படிக் கேட்பது என்று தெரியாமல் கேட்டாள். "அக்கா, தப்பா நெனச்சுக்காதீங். என்ற பையனோட ஒரு வயசு உங்க வீட்டுக்கு வந்திருச்சுங்."

"தெரியுது பூங்கொடி. எனக்கும் ராத்திரியெல்லாம் அதே நெனப்புத்தான்" என்றாள் சுகந்தி. "கிண்ணம் வாங்கியிருந்தாக் கிண்ணமாத் திருப்பிக் குடுத்திருவேன். இத எங்கிருந்து எடுத்துக் குடுக்கறது, நீயே சொல்லு." தன்ஷிகாவுக்குச் சின்னதாகிப்போன துணிகளை, நவிலனுக்கு ஆகாது என்று தெரிந்தும், ஒரு பையில் போட்டுக் கொடுத்தாள். பூங்கொடி, வாங்காவிட்டால் மனத்தாங்கலாகிவிடும் என்று வாங்கிக்கொண்டாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சங்கம் கூடியது. கூட்டுறவு வங்கியில் ஓய்வுபெற்ற தாமோதரன்தான் சங்கச் செயலாளர். வயது ஏன் வழி மாறியது என்று ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். பூங்கொடி எழுந்து, "பாட்டுல அவன் பேரு வரலைன்னு பையன் சொல்றானுங்" என்றாள். எல்லோரும் அதை அன்போடு கேட்டு, அன்போடு ஒதுக்கினார்கள். காசு செலவாகாத ஒரு காரணத்தை நம்புவதற்கு அங்கே யாருக்கும் பழக்கமில்லை. பிறகு மெர்வின் எழுந்து, வயது என்பது வெளிச்சத்தையும் கூட்டத்தையும் பார்த்து வருகிற பொருள் என்றும், எந்த மேடை பெரிதோ அங்கேதான் அது இறங்கும் என்றும், தன்னிடம் மூன்று அளவுகளில் மேடை இருக்கிறது என்றும் சொன்னபோது எல்லோருக்கும் விளங்கியது. ஒரே மாலையில் இரண்டு பிறந்தநாள் நடத்தக் கூடாது என்று ஒரு விதி எழுதி, கைதட்டி நிறைவேற்றினார்கள்.

அதற்குப் பிறகு பவளமல்லியில் பிள்ளைக்குப் பிறந்தநாள் வருகிறது என்றால் வீட்டில் யாரும் சரியாகத் தூங்குவதில்லை. பக்கத்துத் தெருவில் அன்றைக்கு யாருக்காவது பெரிய மேடை போடுகிறார்களா என்று ஆள்விட்டு விசாரித்தார்கள். பிள்ளையின் பெயரை மேடையில் மட்டும் எழுதினால் போதாது என்று வாசலிலும், லிஃப்டிலும், தண்ணீர்த் தொட்டியின் மீதும் எழுதினார்கள். நாலு மெஷினுக்கு நடந்த பிறந்தநாளுக்குப் பிறகு ஐந்து மெஷினுக்குக் குறைவாகச் செய்தவர்களை, பிள்ளைமேல் அக்கறையில்லாதவர்கள் என்று பேசினார்கள். மெர்வினின் விளம்பரப் பலகையில் 'வயது உறுதி' என்ற வரி ஏறியது. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒவ்வொரு வயது ஒழுங்காக வந்தது. முன்பெல்லாம் மிட்டாய்க்கே வந்துகொண்டிருந்த அதே வயதுதான் அது என்பதை யாரும் யோசிக்கவில்லை, அல்லது யோசித்தவர்கள் அதற்குள் முன்பணம் கட்டியிருந்தார்கள்.

பெரியவர்கள் வேறொன்றை யோசித்தார்கள். பெரிய மேடை பக்கத்தில் நிற்கிறவரின் வயதையும் இழுத்துக்கொள்ளும் என்றால், தன் பிறந்தநாளன்று யாராவது பிள்ளையின் விழாவுக்குப் போய் நின்றால் என்ன என்று நினைத்து, சத்தமில்லாமல் போய் நின்றார்கள். முதலில் போனவர் செயலாளர் தாமோதரன். இரண்டாம் மாடிக் குழந்தையின் முதல் பிறந்தநாளில், மேடையை ஒட்டி நின்று இரண்டு தட்டு நூடுல்ஸ் சாப்பிட்டுவிட்டு வந்தார். மறுநாள் அவருடைய மூட்டுவலி வரவேண்டிய அளவுக்கு வரவில்லை, அந்தக் குழந்தை தவழாமலே எழுந்து வாசல் வரைக்கும் நடந்துபோய்ச் செய்தித்தாளை எடுத்துவந்தது. குழந்தையின் தாய் செயலாளர் வீட்டு வாசலில் நின்று, "உங்க அறுபத்தொம்பத எம்புள்ள தலையில கட்டிட்டு எப்படீங் சோறு எறங்குது?" என்று கேட்டாள். தாமோதரன் உடனே சங்கத்தைக் கூட்டி, இனிமேல் விழாவுக்கு வருகிற பெரியவர்கள் எல்லோரும் ஆதாரைக் காட்டிப் பிறந்த தேதியை நிரூபித்துவிட்டுத்தான் ஹாலுக்குள் நுழைய வேண்டும் என்று தானே முன்மொழிந்தார்.

இத்தனைக்கும் நடுவில் தன்ஷிகா இரண்டாம் வகுப்புக்குப் போய்வந்தாள். படிப்பு வந்தது, ஆனால் யாரும் சேர்த்துக்கொள்ளவில்லை. ஆறு வயதில் பிள்ளைகள் என்னவெல்லாமோ பழகிக்கொள்கிறார்கள், யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை என்பதால் அது கணக்கில் வருவதில்லை: விளையாட்டில் தோற்றுவிட்டு அடுத்த ஆட்டத்துக்குக் காத்திருப்பது, ரகசியத்தைப் பாதி மட்டும் சொல்வது, கோபித்துக்கொண்டு போன தோழியிடம் ஒன்றும் நடக்காதது மாதிரித் திரும்பிப் பேசுவது. இதெல்லாம் அவளுக்குத் தெரியவில்லை. தோற்றால் பலகையைக் கவிழ்த்தாள். ஏழு வயதுக்காரர்கள் அவளைக் குழந்தை என்றார்கள். அதனால் சாயங்காலமானால் மூன்றாம் மாடிக்கு ஏறிவந்து, யார் எத்தனை தரம் கவிழ்த்தாலும் திரும்ப அடுக்குகிற நவிலனோடு லூடோ ஆடினாள்.

"உன்ற வயசு எங்கிட்டதான் இருக்குது, தெரியுமா?" என்று ஒருநாள் கேட்டாள்.

"வெச்சுக்க" என்றான் நவிலன். "எனக்கு யுகேஜிதான் புடிச்சிருக்குது. மத்தியானம் தூங்க வுடறாங்க."

"எனக்குப் புடிக்கல. கவுனு இறுக்கற மாதிரியே இருக்குது."

"அப்பக் குடுத்துரு."

"எப்படிக் குடுக்கறது?"

அவன் பகடையை உருட்டி, காயை நகர்த்தி, "பேரச் சொல்லிப் பாடுனா வரும்" என்றான். தேங்காய் சீவிக்கொண்டிருந்த பூங்கொடியின் காதிலும் அது விழுந்தது. அவளும் ஊராரோடு சேர்ந்து அதை எப்போதோ ஒதுக்கிவிட்டிருந்தாள்.

மறுபடியும் சித்திரை நெருங்கியது. சுகந்திக்குப் பயம் பிடித்துக்கொண்டது. இந்தத் தடவையும் இரண்டு வயதும் தன் வீட்டுக்கே வந்தால் மகளுக்கு ஒன்பதாகிவிடும், அதற்கடுத்த வருடம் பதினொன்று, பள்ளிக்கூடம் முடிப்பதற்குள் கல்யாண வயதைத் தாண்டிவிடுவாள். "இந்த வருசம் வீட்டோட வெச்சுக்கலாங். ஒரு பாயசம் போதும்" என்றாள் கணவரிடம்.

"வீட்டோட வெச்சா மறுநா விடியறதுக்குள்ள அச்சு மை கடன் குடுத்தவன் வந்து பாக்கிய எண்ணி வைன்னு நிப்பான்" என்றார் ஈஸ்வரமூர்த்தி. "போன வருசம் ஒம்பது மெஷினு. இந்த வருசம் பாயசம்னா, பட்டறை படுத்திருச்சுன்னு ஊரே முடிவு பண்ணீரும். புள்ளைக்கு ரெண்டு வயசு கூடினாக் கூடீட்டுப் போகுது. கடன்காரன் நம்பிக்க போச்சுன்னா அத எங்க போயி வாங்கறது?" அவர் சொன்னது அந்த ஊரில் உண்மை என்று சுகந்திக்கும் தெரியும். பதினைந்து மெஷினுக்கு ஏற்பாடாகியது.

சுற்றுச்சுவருக்கு வெள்ளையடித்துக் கொடுத்தவர் என்பதால் சங்கம் ஹாலை ஈஸ்வரமூர்த்திக்கு ஒதுக்கி, பூங்கொடிக்கு அதற்கடுத்த நாளைக் கொடுத்தது.

"மறுநா வெச்சா வயசு வராதுங்களே" என்றாள் பூங்கொடி.

"விதின்னா எல்லாருக்கும் விதிதானம்மா" என்றார் தாமோதரன், நூடுல்ஸ் சாப்பிட்ட நாளிலிருந்து வலி கூடாத தன் முழங்கால் மூட்டைத் தடவிக்கொண்டு.

அன்றைக்குச் சாப்பிடும்போது லோகநாதன் சொன்னார்: "விட்டுரு புள்ள. பையன் திங்கறான், தூங்கறான், சிரிக்கறான். நாள் போகப்போகத் தானா சரியாகும்."

"தானா எப்படிங் ஆகும்? வருசா வருசம் அவங்க மேடை பெருசாயிட்டுத்தான போகுது. நமக்கு மட்டும் வயசு ஏறிட்டே போயி, அவன் அஞ்சுலயே நின்னுட்டா? நாம ரெண்டு பேரும் போனதுக்கப்பறம் அந்த அஞ்சு வயசுப் புள்ளய ஆருங் பாப்பாங்க?"

லோகநாதன் அதுவரைக்கும் அந்தத் துணியை அந்த வெளிச்சத்தில் விரித்துப் பார்த்திருக்கவில்லை. தட்டிலேயே கையைக் கழுவிவிட்டு எழுந்தார். மறுநாள் இரண்டு பேரும் போய் அவளுடைய வளையல்களையும், வாங்கி ஆறு மாதமாகாத அவருடைய வண்டியையும் அடமானம் வைத்துவிட்டு, மெர்வினைப் பார்க்கப் போனார்கள். அவன் கணக்குப் போட்டுப் பார்த்து, "போன வருசத்துதையும் சேத்து ரெண்டு வயசு வரணுங். தனித்தனியா எடுத்தா நெறைய ஆகும். ஒண்ணா எடுத்தீங்கன்னாக் கொஞ்சம் கொறைச்சுத் தர்றேன்" என்றான். ஊருக்கு வெளியே, கல்யாணம் நடத்துகிற மண்டபமே வேண்டும் என்றான். பலூனில் யானை போதாது, யானைமேல் அம்பாரியும் வேண்டும் என்றான். அன்றைக்கு ஹாலில் தனக்கு வேலை இருப்பதால் மண்டபத்துக்கு ஒரு மேஜிக்காரரை அனுப்புவதாகவும், ஹாலுக்குக் கோயம்புத்தூரிலிருந்து மைக்கில் பேசுகிறவர் ஒருவரை வரவழைப்பதாகவும் சொன்னான். மொத்தம் பதினாறு மெஷின் ஆனது. பொத்தான் தைக்கிற ஒரு பெண் பதினாறு மெஷினுக்குப் பிறந்தநாள் நடத்துகிறாள் என்று பவளமல்லி வியக்கவில்லை. பிள்ளைக்கு வயது வராவிட்டால் வேறென்ன செய்வாள் என்றுதான் சொன்னார்கள்.

பூங்கொடி படியேறி இறங்கி எல்லோரையும் அழைத்தாள். "வராம இருப்பமா" என்று எல்லோரும் சொன்னார்கள். அவர்களில் பாதிப் பேருக்கு ஈஸ்வரமூர்த்தியின் பட்டறையில் வேலை, மீதிப் பாதிப் பேர் அங்கே வேலை கேட்டுச் சொல்லிவைத்திருந்தார்கள்.

அன்றைக்குச் சாயங்காலம் கல்யாண மண்டபத்தில், வெள்ளை உறை போட்டு முதுகில் ரோஜா நிற ரிப்பன் கட்டிய நாற்காலிகள் வரிசை வரிசையாகக் காலியாக இருந்தன. சமையல்காரர் நானூறு பேருக்குப் பரோட்டா மாவைப் பிசைந்துவிட்டு, முதல் பந்தி எப்போது என்று நாலு தரம் கேட்டார். மேஜிக்காரர், யாரும் இல்லாவிட்டாலும் வாங்கின காசுக்குக் குறை வைக்கக் கூடாது என்று, நவிலன் ஒருவனுக்காகவே தொப்பிக்குள்ளிருந்து புறாக்களை எடுத்தார். நவிலனுக்கு அதுபோன்ற மகிழ்ச்சி அதற்கு முன் வாய்த்ததில்லை. ஒவ்வொரு நாற்காலியிலும் ஒவ்வொரு தரம் உட்கார்ந்து பார்த்தான், ஒவ்வொன்றிலிருந்தும் கையசைத்தான். பூங்கொடி ஒவ்வொரு தரமும் மேடையிலிருந்து பதிலுக்குக் கையசைத்துவிட்டு, வாசலைப் பார்த்தாள்.

"ஆரும் வரலீங்" என்றாள்.

"ஏழு மணி ஆகட்டும்" என்றார் லோகநாதன். ஏழு மணி தாண்டியிருந்தது அவருக்கும் தெரியும்.

அதே நேரத்தில் பவளமல்லி ஹாலில் ஆதார் காட்டிவிட்டு உள்ளே வந்த கூட்டம் மூச்சுவிட இடமில்லாமல் நிறைந்திருந்தது. தன்ஷிகா தங்கநிறக் கவுனில் மேடையில் நின்றாள். சுகந்தி மகளின் கையை, யாரோ வந்து இழுத்துக்கொண்டு போகப்போவதைப் போலப் பிடித்திருந்தாள். மெழுகுவத்தி ஏற்றியாயிற்று. கோயம்புத்தூரிலிருந்து வந்தவர், மேடையில் மின்னுகிற பெயருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, எல்லா ஊரிலும் எல்லாப் பிள்ளைகளிடமும் கேட்பதைப் போல மைக்கைக் குனிந்து நீட்டி, "குட்டிப் பாப்பா பேர் என்ன, எல்லாருக்கும் கேக்கற மாதிரிச் சத்தமாச் சொல்லுங்க பாக்கலாம்" என்றார்.

தன்ஷிகா மெழுகுவத்தியைப் பார்த்தாள், கூட்டத்தைப் பார்த்தாள், மைக்கைப் பார்த்தாள்.

"நவிலன்" என்றாள்.

அவர் நிமிர்ந்து அந்தப் பெயரில் பாட்டை எடுத்தார். நல்ல கனத்த குரல். வாயில் கட்லெட்டோடும் கையில் தட்டோடும் நின்ற கூட்டம், எடுத்துக்கொடுக்கிறவர் எடுத்துக்கொடுத்ததைப் பாடுவதுதான் வழக்கம் என்பதால், பாடியது. ஈஸ்வரமூர்த்தியே இரண்டு வரி பாடிவிட்டுத்தான் நிறுத்தினார்.

மண்டபத்தில் பூங்கொடியும் லோகநாதனும் சமையல்காரரும் மேஜிக்காரரும் அப்போதுதான் பாடிக்கொண்டிருந்தார்கள். நவிலன் மெழுகுவத்தியை ஊதினான். ஊதி முடித்தபோது அவனுடைய முழுக்கைச் சட்டை முழங்கைக்கு வந்திருந்தது. கால்சட்டை மேலேறிக் கெண்டைக்கால் தெரிந்தது. "அம்மா, ஷூ கடிக்குது" என்று சொல்வதற்கு வாயைத் திறந்தபோது முன்பல் ஒன்று கேக்கின் க்ரீமில் விழுந்தது, அதன் பின்னால் இன்னொன்றும் விழுந்தது. மேஜிக்காரர் புறாவைக் கீழே வைத்துவிட்டு, இது தன்னுடைய வேலை இல்லை என்று நேர்மையாகச் சொன்னார். பூங்கொடி மகனைக் கட்டிக்கொண்டாள். அவன் தலை, அது எப்போதும் வந்து பொருந்துகிற இடுப்பில் பொருந்தாமல், அவள் விலாவில் இடித்தது. "வந்திருச்சு சாமி, வந்திருச்சு" என்று அழுதாள். லோகநாதன் ரிப்பன் கட்டிய ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, சமையல்காரரிடம், "பரோட்டாவப் போடுங். நாங்க மூணு பேரும் சாப்படறோம்" என்றார்.

ஹாலில் தன்ஷிகா ஏழு வயதாகவே இருந்தாள். கவுன் அதே இடத்தில் நின்றது. சுகந்தி அன்றைக்குக் காலையிலிருந்து முதல் தடவையாக ஒரு வாய் சாப்பிட்டாள். அன்றிரவு படுக்கையில், "பேரை மாத்தி ஏன் கண்ணு சொன்ன?" என்று கேட்டாள்.

"எனக்கு எட்டும் வேண்டாம், ஒம்பதும் வேண்டாம்மா" என்றாள் தன்ஷிகா. "ஏழே எனக்கு இன்னும் வரல."

சுகந்தி அதைக் கணவரிடம் சொல்லவில்லை. சொன்னாலும் அவருக்குக் கேட்க நேரமிருக்காது. பதினைந்து மெஷின் செலவழித்தும் மகளுக்கு ஒரு வயதுகூட வரவில்லை என்றால் பட்டறையின் நிலைமை என்னவாக இருக்கும் என்று யோசித்துக்கொண்டு, விடிவதற்கு முன்பே அச்சு மை கடன் கொடுத்தவர் வந்து சோபாவில் உட்கார்ந்திருந்தார். கோயம்புத்தூர்க்காரருக்குப் பேசின தொகையைக் கொடுக்காமல் அனுப்பிவிட்டார்கள். ஒரு பெயரை மாற்றிப் பாடினதைத் தவிர அவர்மேல் ஒரு குற்றமும் இல்லை என்றும், பாட்டுக்கும் வயது வராததற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்றும் பவளமல்லி ஒருமனதாக நம்பியது. மண்டபம் ஹாலைவிடப் பெரியது, பதினாறு பதினைந்தைவிடப் பெரியது. அதனால்தான் இரண்டு வயதும் அங்கே போயின. இதைவிடத் தெளிவான கணக்கு வேறு இருக்க முடியாது.

எனவே காலையில் மூன்றாம் மாடியின் அழைப்புமணி ஓயாமல் அடித்தது. போன மாதம் அழைத்தபோது "வராம இருப்பமா" என்று சொன்னவர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள், இந்தத் தடவை செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார்கள். எந்த மண்டபம், அம்பாரி எத்தனை அடி, முன்பணம் எவ்வளவு, ஒரே பிள்ளைக்கு மூன்று வயதாகச் சேர்த்து எடுத்தால் இன்னும் குறைப்பார்களா என்று கேட்டார்கள். ஆனியில் மகளுக்குப் பிறந்தநாள் வருகிற நான்காம் மாடிக்காரி, கேட்டுக் குறித்துக்கொண்டு போக இன்னும் உட்கார்ந்திருந்தாள்.

பூங்கொடி, நேற்று வரைக்கும் காலையில் செய்துவந்ததைப் போல, தோளில் துண்டும் கையில் சீயக்காய்க் கிண்ணமுமாகக் குளியலறைப் பக்கம் போனாள். கதவு சாத்தியிருந்தது. தள்ளினாள். உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தது.

"கண்ணு, தொற. அம்மா தலைக்குத் தேச்சு வுடறேன்."

"வேண்டாம்மா. நானே குளிச்சுக்குவேன்" என்றது உள்ளிருந்து ஒரு குரல். நவிலனின் குரல்தான், கொஞ்சம் கனத்திருந்தது.

"கண்ணுல எரியும் சாமி."

"எரியாதும்மா. எனக்குத் தெரியும்."

அவனுக்கு அது எப்போது தெரிந்தது என்று அவளுக்குத் தெரியவில்லை. இனி அம்மா வேண்டாம், நானே குளித்துக்கொள்கிறேன் என்று ஒரு பிள்ளை முதல்முதலாகச் சொல்கிற ஒரு நாள் இருக்கும். அவள் சிரித்துக்கொண்டே கொஞ்சம் சண்டை போட்டிருப்பாள், அவன் கண்ணில் நுரை பட்டு ஒருநாள் கத்தியிருப்பான், ஓடிப்போய்த் தண்ணீர் ஊற்றியிருப்பாள், மறுநாள் மறுபடியும் தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டு அவனே குளித்திருப்பான். அந்த நாட்களெல்லாம் ஆறு வயதில் இருந்திருக்க வேண்டும். உள்ளே தண்ணீர் மொண்டு ஊற்றுகிற சத்தம், தயங்காமல், ஒரே சீராகக் கேட்டது.

"பூங்கொடி" என்று கூடத்திலிருந்து நான்காம் மாடிக்காரி கூப்பிட்டாள். "கடைசியா அத மட்டும் சொல்லீரு. எல்லாஞ் சேத்து மொத்தம் எவ்வளவு ஆச்சு?"

"இன்னுங் கூட்டிப் பாக்கலீங்க்கா" என்றாள் பூங்கொடி, கதவைப் பார்த்துக்கொண்டே.